வராத கார்

புதுடில்லியில் 2008-ம் ஆண்டு மோட்டார் கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு கார் நின்றது. பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். எங்கேயோ பார்த்த முகம்! ஆம், நம்முடைய அம்பாசடரின் முகம்தான். ஆனால் கார் புதிது.

கார்களுக்குப் புது உருவம் கொடுப்பதில் பேர் பெற்றவர் திலீப் சாப்ரியா. அவருடைய டி.சி. கம்பெனி செய்த கார் அது. 'அம்பியராட்' என்று பெயர் வைத்தார்கள். அது விற்பனைக்கு வரவே இல்லை.

பழைய காரின் சாயலில் புதுக் கார் செய்வது உலகத்துக்குப் பழகிய வித்தை. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன், தன் பழைய 'வண்டு' காரின் சாயலில் 1994-ல் ஒன்றைக் காட்டியது. மக்கள் விரும்பிக் கேட்டார்கள். சில ஆண்டுகளில் அது தெருவுக்கு வந்தது. நம் அம்பாசடருக்கு அந்த யோகம் இல்லை.

ஏன் இல்லை? ஒரு காரைச் செய்து காட்டுவது வேறு. ஆயிரக்கணக்கில் செய்து விற்பது வேறு. தகட்டை அழுத்தி உருவாக்கும் அச்சுகளுக்கே கோடி கோடியாகப் பணம் வேண்டும். அம்பாசடரைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்சோ விற்பனை குறைந்து தள்ளாடிக் கொண்டிருந்தது. 2014 மே மாதம், கல்கத்தா அருகே உத்தரபாராவில் பழைய அம்பாசடர் உற்பத்தியே நின்றது. அதற்கு முந்தின ஆண்டுதான் பி.பி.சி.யின் 'டாப் கியர்' நிகழ்ச்சி, உலகிலேயே சிறந்த டாக்சி என்று அதற்குப் பட்டம் கொடுத்தது. பட்டமும் மூடுவிழாவும் அடுத்தடுத்து!

பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை, தாமிரபரணிக் கரை ஊர்களில் ஒரு காலத்தில் 'பிளசர்' என்றாலே அம்பாசடர்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் அதில்தான் வந்து இறங்கினார்கள். பிரசவ வலி கண்ட பெண்ணை நடுராத்திரியில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அதுதான். முன் சீட்டில் டிரைவரோடு மூன்று பேர். பின்னால் எத்தனை பேர் என்று எண்ணக் கூடாது! டிக்கியில் வாழைத்தார். வழியில் நின்றுவிட்டால், உள்ளூர் மெக்கானிக் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் கம்பியும் வைத்துக்கொண்டு ஓட வைத்துவிடுவார்.

டில்லியில் நின்றது சொகுசுக் கார். முகத்தை எடுத்துக்கொண்டார்கள், உழைப்பை விட்டுவிட்டார்கள். அது விற்பனைக்கு வந்திருந்தாலும் அம்பாசமுத்திரம் டாக்சி ஸ்டாண்டுக்கு வந்திருக்காது என்றே நாம் நினைக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான கதை தமிழ்நாட்டிலேயே உண்டு. கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு 1952-ல் இரண்டு பேர் போகும் சிறிய பெட்ரோல் கார் செய்தார். விலை வெறும் 2,000 ரூபாய். சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. உற்பத்தி நின்று போயிற்று. இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று கேட்டால், நாயுடுவின் கார்தான் என்போம்.

அம்பாசடர் என்ற பெயரை மட்டும் 2017-ல் பிரான்ஸ் நாட்டு பியூஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மறு ஆண்டே அந்தக் கம்பெனி, தன் பழைய 504 காரின் சாயலில் 'இ-லெஜண்ட்' என்ற மின்சாரக் காரைப் பாரிசில் காட்டியது. அதுவும் உற்பத்திக்கு வரவில்லை! 2022-ல், புது அம்பாசடர் இரண்டு ஆண்டில் வரும் என்று பத்திரிகைகளில் செய்தி அடிபட்டது. அந்த இரண்டு ஆண்டும் கழிந்துவிட்டது.

இனி யாராவது அந்தப் பெயரில் கார் செய்வதானால், கண்காட்சிக்குக் கொண்டுபோகும் முன் நெல்லை டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டு, பாபநாசம் மலைப் பாதையில் ஏழு பேரோடு ஓட்டச் சொல்லிப் பார்க்கட்டும்.