தாதியிடம் சொன்ன இரகசியம்

வைத்தியசாலை விடுதியில் நோயாளியைப் பற்றி அதிகம் அறிந்தவர் யார்? பெரும்பாலும் தாதிதான். வைத்தியர் வந்து பார்த்துச் செல்வார். இரவில் காய்ச்சல் பார்ப்பவரும், புண்ணைக் கழுவி மருந்து கட்டுபவரும், கரு தங்காத பெண்ணின் அழுகையைக் கேட்பவரும் தாதியே. கணவனிடமும் தாயிடமும் சொல்லாததைக்கூட ஒரு பெண் தாதியிடம் சொல்லிவிடுகிறாள். அந்த நம்பிக்கையைக் காப்பது தாதியத்தின் முதன்மையான கடமைகளில் ஒன்று.

இது புதிதாக வந்த விதியல்ல. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தாதியம் பற்றி 1859இல் எழுதிய நூலிலேயே, தாதி வம்பு பேசுபவராக இருக்கக்கூடாது என்றும், கேட்க உரிமையுள்ளவருக்கு மட்டுமே நோயாளியைப் பற்றிப் பதில் சொல்லவேண்டும் என்றும் அறிவுறுத்தியுள்ளார். 1893இல் அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரில் அவரது பெயரால் வகுக்கப்பட்ட தாதியர் உறுதிமொழியிலும், சர்வதேச தாதியர் பேரவை 1953இல் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக்கோவையிலும் இக்கடமை இடம்பெற்றது. எமது நாட்டில் 2022இல் நிறைவேற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலம் பற்றிய தகவல்களை விசேட பாதுகாப்புக்குரியவையாகக் கொள்கிறது.

இரகசியம் வெளியேறினால் என்ன நடக்கும்? எனது பணியில் நான் சந்தித்த ஒரு தாய்க்குக் காசநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவர் வீடு திரும்புமுன்னரே செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. விடுதியில் கடமையாற்றிய ஒருவர் "பாவம்" என்று இரக்கப்பட்டுத் தன் உறவினரிடம் சொன்னதே காரணம். அயலவர் அவர் வீட்டில் தேநீர் குடிப்பதை நிறுத்தினர். மகளின் கலியாணப் பேச்சும் நின்றது. அவரோ கிளினிக் போவதையே விட்டுவிட்டார்.

"வருத்தத்தை விட ஊர்வாய்தான் பிள்ளை என்னைக் கொல்லுது" என்றார்.

காசநோய்க்கு வழமையாக ஆறு மாதம் மருந்து எடுக்கவேண்டும். இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமற் போகலாம். ஒழுங்காக மருந்தெடுத்தால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் பெரிதும் குறையும். ஆக, ஊரைக் காப்பாற்றுவது ஊர்ப்பேச்சு அல்ல, மருந்துதான். பலமுறை பேசிய பின்னர், அந்தத் தாய் வேறொரு நகரத்துக் கிளினிக்கில் சிகிச்சையைத் தொடர்ந்தார்.

அப்படியானால் தாதி எதையுமே எவருக்கும் சொல்லக்கூடாதா? சிகிச்சையளிக்கும் வைத்தியருக்கும் சக தாதியருக்கும் தேவையானதைச் சொல்லத்தான் வேண்டும். காசநோய், டெங்கு போன்ற நோய்களைச் சட்டப்படி சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்கவும் வேண்டும். உயிராபத்து இருந்தால் உதவக்கூடியவருக்குச் சொல்லலாம். எல்லாவற்றிலும் அளவு ஒன்றே: தேவையானவருக்கு, தேவையானது மட்டும். பஸ்ஸிலும் கோயில் வாசலிலும் கேட்பவர் இந்தக் கணக்கில் சேரார். விடுதியில் எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்புவதும் இரகசியத்தை உடைப்பதே.

சகோதரிகளே, இதில் எமக்கும் பங்குண்டு. நோயாளி பார்க்கப் போனால், "அவவுக்கு என்ன வருத்தம்?" என்று தாதியை விசாரிக்காதீர்கள். "அவரிடமே கேளுங்கள்" என்று தாதி சொன்னால் அதைத் திமிர் என எண்ணாதீர்கள். நாளை அதே கட்டிலில் நாம் படுத்திருக்கும்போது, எமது மானத்தைக் காக்கப்போவதும் அந்தப் பதில்தான். நோயாளியாகப் போகும்போது, "தனியாகப் பேசவேண்டும்" என்று கேட்கத் தயங்கவும் வேண்டாம். அது உங்கள் உரிமை.