ஏமாந்தவரைப் பழிப்பது யாருக்கு லாபம்?

இணைய மோசடியில் யாராவது பணத்தைப் பறிகொடுத்த செய்தி வந்தால் போதும், “பேராசைப்பட்டிருப்பார்”, “கொஞ்சமாவது புத்தி வேண்டாமா?” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். முட்டாள்களும் பேராசைக்காரர்களும்தான் ஏமாறுவார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அது பொய். திருடனுக்குக் காவல் நிற்கும் பொய்.

எஸ்.பி. ஓஸ்வால் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர், பத்மபூஷண் பெற்றவர். 2024 ஆகஸ்ட் இறுதியில், சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் வீடியோ அழைப்பிலேயே 82 வயதான அவரைக் ‘கைது’ செய்து இரவும் பகலும் கண்காணித்தார்கள். முத்திரையோடு கைது ஆணை காட்டினார்கள். உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரில் போலி விசாரணைகூட நடத்தினார்கள். 7 கோடி ரூபாய் போயிற்று. இதில் பேராசை எங்கே இருக்கிறது? பரிசு தருகிறோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நீதிமன்றம் என்றால் பணிய வேண்டும் என்ற நல்ல குடிமகனின் குணத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

‘விஷயம் தெரிந்தவர்கள் தப்பித்துவிடுவார்கள்’ என்பதும் நிற்காது. எங்கெங்கே நம் தகவல்கள் கசிந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ள உலகமே நாடும் தளத்தை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட். 2025 மார்ச்சில், பயணக் களைப்பில் இருந்தபோது, மெயில்சிம்ப் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பிக் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அவரே உள்ளிட்டுவிட்டார். அவருக்கு அன்று இல்லாமற்போனது அறிவல்ல, தூக்கம். ஆனால் அவர் ஒளிக்கவில்லை. அன்றே ஊரறியச் சொன்னார்.

எதிரே இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். மியான்மரின் மியாவடி போன்ற இடங்களில் ஆட்களை அடைத்துவைத்து, பேச வேண்டியதை எழுதிக்கொடுத்து, இந்த மோசடியைத் தொழிற்சாலை போல நடத்துகிறார்கள். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய்ச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை 2022-ல் மீட்டுவர வேண்டியிருந்தது. இத்தனை பெரிய ஏற்பாட்டின் முன் தனியாக அகப்பட்ட ஒருவரின் புத்தியை எடைபோடுவது கொடுமை.

‘நான் ஏமாற மாட்டேன்’ என்பவர் எதையும் சரிபார்ப்பதில்லை. யாரும் ஏமாறலாம் என்று ஏற்றுக்கொண்டவர்தான், வங்கியிலிருந்து என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டுப் பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்குத் தானே அழைப்பார். அதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டாம், பழக்கம் போதும். ஓஸ்வாலை மிரட்டிய ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. எந்தக் காவல்துறையும் வீடியோ அழைப்பில் விசாரித்துப் பணத்தை மாற்றச் சொல்வதில்லை. “வீட்டில்கூடச் சொல்லாதே” என்று ஒருவர் மிரட்டினால், அதற்குமேல் வேறு அத்தாட்சியே தேவையில்லை.

அழைப்பு முடிந்த பிறகும் அந்த வாய்ப்பூட்டு கழல்வதில்லை. மகன் என்ன சொல்வான், அலுவலகத்தில் சிரிப்பார்களே என்று பணத்தை இழந்தவர் ஒரு நாள், இரண்டு நாள் விழுங்கிக்கொண்டிருக்கிறார். அதற்குள் பணம், மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள் பலவற்றைக் கடந்து கைமாறிவிடுகிறது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே சொன்னால், அது இன்னும் ஏதாவதொரு கணக்கில் இருக்கும்போதே முடக்க வழியுண்டு. ஓஸ்வால் வெட்கப்படாமல் புகார் கொடுத்தார், 5.25 கோடி ரூபாயைக் காவல்துறை மீட்டது. ஆகவே உங்கள் வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கி வாய் திறந்தால், “எப்படி நம்பினாய்?” என்று கேட்காதீர்கள். “பணம் எப்போது போச்சு?” என்று கேட்டுக்கொண்டே போனை எடுங்கள்.