கத்திப்பாரா ஏற்றம்

கீழ் வீட்டுப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு மாடிக்கு வந்தாள். வேலைக்குப் போன ஒன்றரை வருடத்தில், ரோடு பைக் வாங்கவென்று அறுபதாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறாள். "லிஸ்ட் போட்டிருக்கேன் அக்கா, ஏதாவது விட்டுப்போச்சான்னு பாருங்க." கார்பன் ஃபோர்க் வைத்த அலுமினிய பைக், கிளிப் ஷூ, அதற்கேற்ற பெடல், ஜெர்சி, கார்பன் பாட்டில் கேஜ், ஒரு டப்பா எனர்ஜி ஜெல், பிரீ-வொர்க்அவுட் பவுடர். இரண்டு பக்கத்துக்கு விலையோடு எழுதியிருந்தாள். முழுவதும் படித்துவிட்டு, "கடைசியா ரத்தப் பரிசோதனை எப்போ எடுத்தே?" என்று கேட்டேன். காலேஜில் சேரும்போது எடுத்ததாம்.

"அப்ப முதல் வரி அதுதான்" என்று நோட்டின் தலைப்பில் எழுதிக் கொடுத்தேன். ஏன் அப்படி எழுதினேன் என்று அவளிடம் நின்று சொல்ல அன்று நேரம் இருக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் ரோடு பைக் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. வாங்கும்போது வயது நாற்பத்தொன்று. விடியற்காலை நாலேமுக்காலுக்கு சிவன் பார்க் பக்கம் கிளம்பினால் அசோக் பில்லர், காசி தியேட்டர், ஈக்காட்டுத்தாங்கல் என்று நூறடி ரோட்டிலேயே போய்க் கத்திப்பாராவைத் தொட்டுவிடலாம். அங்கிருந்து ஆலந்தூர், வேளச்சேரி, தரமணி தாண்டித் திருவான்மியூரில் ஈ.சி.ஆர். பிடித்தால் முட்டுக்காடு, கோவளம், மகாபலிபுரம் வரை ஒரே சாலை. சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மேம்பாலங்கள்தான் மலை. கத்திப்பாரா ஏற்றம் என்னோடு கிளம்பும் எல்லோருக்கும் ஒரு நிமிட வேலை. எனக்கு மட்டும் பாதியிலேயே தொடை கனத்து, நெஞ்சு படபடவென்று அடித்து, மேலே போய் நின்றால்தான் மூச்சு வரும்.

குறை சைக்கிளில்தான் என்று உறுதியாக நம்பினேன். பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பை 11-28-லிருந்து 11-34-க்கு மாற்றினேன். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் மிதி ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. மலைக்குப் போகிறவர்கள் கேட்கும் கியர் அது. அப்படியும் கத்திப்பாரா இளகவில்லை. அடுத்து எடை குறைந்த சக்கரங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 68 கிலோ என்றால், அதில் அரைக் கிலோ குறைவது ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தக் கணக்கை அன்று நான் போட்டுப் பார்க்கவில்லை. எட்டு மாதம் இப்படியே போனது. வேறு எதற்கோ டாக்டரைப் பார்க்கப் போனபோது அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

தசைக்கு ஆக்ஸிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அதில் கால்பங்கு குறைந்திருக்கும் உடம்பை வைத்துக்கொண்டு நான் பல்சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். இது என் ஒருத்தியின் கதையும் இல்லை. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுவதற்கும் 57 சதவீதம். நம் ஊரில் ஒரு பெண் விளையாட்டுக் கருவி வாங்கும் கடைக்குள் நுழைகிறாள் என்றால், பாதிக்குப் பாதி வாய்ப்பு அவளுக்கு முதலில் சரியாக வேண்டியது ரத்தசோகைதான். இதைச் சொல்லும் ஒரு சைக்கிள் கடையையும் நான் இதுவரை பார்த்ததில்லை. ஊட்டச்சத்து பற்றி வெளிநாட்டில் எழுதப்படும் புத்தகங்கள் ஜெல்லில் தொடங்குகின்றன. எழுதுகிறவரின் ஊரில் ரத்தம் சரியாக இருக்கும் என்ற அனுமானம் அதில் இருக்கிறது. நாம் அதற்கு ஒரு படி கீழேயிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. மரபணுவால் வரும் தலசீமியாக் கூறு இருந்தாலும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும், அதற்கு இரும்பு மருந்து இல்லை. ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாதவிடாயில் போக்கு அதிகம் என்றால் அதையும் கூச்சமில்லாமல் அவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு அவர் மாத்திரையோடு சொன்ன இன்னொரு விஷயம்தான் கடினமாக இருந்தது. டிபன் முடித்த கையோடு குடிக்கும் ஃபில்டர் காபி, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறதாம். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். முருங்கைக்கீரையோ சுண்டலோ சாப்பிட்டால் மேலே எலுமிச்சை பிழிந்துகொள்ள வேண்டும், அது உதவும். நாலு மாதத்தில் 12.1 ஆனது. அதே சைக்கிளில், அதே கியரில் கத்திப்பாராவைப் பேசிக்கொண்டே ஏறினேன். அன்று மேலே நின்று கொஞ்சம் அழுதேன்.

ரத்தத்துக்கு அடுத்தது உப்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு வெயில் இல்லையே, வியர்க்காது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். சென்னையில் அந்த நேரத்தில்தான் காற்றில் ஈரம் மிக அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கிறது, உடம்பு மேலும் மேலும் வியர்க்கிறது. எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எடை எந்திரம் போதும். நான் கிளம்புமுன் 58.6 கிலோ. ஒரு மணி நேரம் ஓட்டினேன், இடையில் அரை லிட்டர் குடித்தேன். திரும்பி வந்து துடைத்துக்கொண்டு ஏறினால் 57.9. குறைந்தது 700 கிராம், குடித்தது 500. ஆக மணிக்கு 1.2 லிட்டர் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வையில் பெரும்பாலோருக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை சோடியம் போகிறது. போன உப்பை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மே மாதம் ஒன்றில் என்னோடு வந்த ஒரு தோழிக்கு இதுதான் நடந்தது. மோதிரம் இறுகும் அளவுக்கு விரல் வீங்கி, தலைவலி, வாந்தி. வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தோம். அது தவறு என்பது மருத்துவமனையில் தெரிந்தது.

இளநீரில் பொட்டாசியம் தாராளமாக இருக்கிறது, சோடியம் குறைவு. ஈ.சி.ஆர். ஓரத்தில் இளநீர் குடிக்கும்போது நான் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கொள்கிறேன். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் போட்டு விற்ற இனிப்புப் பானங்களை நம்பி நாங்கள் பல பேர் வாங்கியிருக்கிறோம். உண்மையான ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இருக்கிறது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் அந்தக் கணக்குக்குள் வராத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அவருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

இனி ஜெல்லுக்கு வருகிறேன். உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கும் கிளைகோஜன் பெரும்பாலும் மாவுச்சத்திலிருந்து வருவது. வேகமாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். அதற்குள் மணிக்கு 30 முதல் 60 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். குளுக்கோஸ் குடலுக்குள் நுழைய ஒரு கதவு, ஃப்ரக்டோஸ் நுழைய இன்னொரு கதவு. குளுக்கோஸ் கதவு மணிக்கு 60 கிராமோடு நிரம்பிவிடும் என்பதால் இரண்டையும் கலந்து கொடுத்தால் அதிகம் உறிஞ்சலாம் என்பதுதான் விலை உயர்ந்த ஜெல்களின் அறிவியல். வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ். அது உடைந்தால் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்.

ராம நவமிக்குக் கரைக்கும் பானகத்தை என் அம்மா பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தபோது பிரியத்துக்காகத்தான் வாங்கிக்கொண்டேன். பிறகு கணக்குப் போட்டேன். 750 மில்லி பாட்டிலுக்கு 50 கிராம் வெல்லம் என்றால் ஏறக்குறைய ஆறரை சதவீதக் கரைசல். விளையாட்டுப் பானங்களும் ஆறிலிருந்து எட்டு சதவீதம்தான் வைக்கிறார்கள், அதைவிடக் கெட்டியானால் வயிற்றிலேயே நின்றுவிடும். அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை சுக்கு, கால் டீஸ்பூன் உப்பு. கோயில் பானகத்தில் இல்லாத அந்த உப்புதான் இதைச் சைக்கிளுக்கு உரியதாக்குகிறது. வெல்லத்தைக் கரைத்து மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணும் சக்கைத் துணுக்கும் பாட்டில் மூடியின் துளையை அடைத்துக்கொள்ளும். கரைத்து வைத்தது வெயிலில் புளிக்கும். மூன்று மணி நேரத்துக்குள் குடித்து முடித்து, வீடு வந்ததும் பாட்டிலை வெந்நீரில் கழுவிவிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. ஒரு ஜெல் பாக்கெட் விலைக்கு ஒரு கிலோ வெல்லம் வருகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

நீண்ட தூரத்துக்கு இனிப்பு மட்டும் போதாது, திகட்டிவிடும். எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட்டில் வாங்கும் பூவன் இரண்டு, எண்ணெய் குறைத்துத் தடவிய பொடி இட்லி நாலு, இவை ஜெர்சியின் முதுகுப் பையில் கசங்காமல் வரும். கடலை மிட்டாயை நான் ஓட்டி முடித்த பிறகு சாப்பிடுகிறேன். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் கடலையில் கொழுப்பு அதிகம், மெதுவாகத்தான் செரிக்கும், வேகமாக மிதிக்கும்போது வயிறு கனக்கும். புரோட்டீன் பவுடரை நான் தொடுவதில்லை. 2024-ல் கேரள மருத்துவர்கள் இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரதக் கணக்கும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. மூன்று முட்டையில் 18 கிராம் புரதம் இருக்கிறது. அதற்கு லேபிள் வேண்டாம்.

சைக்கிளைப் பற்றி அவள் நோட்டில் நான் மாற்றிய வரிகள் கொஞ்சம்தான். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தாள், அதைத் திருத்தினேன். கார்பன் பாட்டில் கேஜை அடித்துவிட்டு அந்தப் பணத்தை சீட்டுக்குத் தள்ளினேன். இடுப்பெலும்பின் இரண்டு முனைகளில்தான் நாம் உட்காருகிறோம், பெண்களுக்கு அந்த இடைவெளி பொதுவாக அகலம். அட்டைப்பெட்டித் துண்டின் மேல் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி தெரியும், அதை அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது, ஓட்டி முடித்ததும் உடனே மாற்ற வேண்டும், ஒரு முறை போட்டதைத் துவைக்காமல் மறுபடி போடக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் தோல் நோய் எளிதில் வரும். இதைப் பெண்களிடம் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பதால் பத்தியில் அச்சிட்டே சொல்கிறேன். பிரேக் லீவர் எட்டாமல் கை வலிக்கிறது என்று பல பெண்கள் ரோடு பைக்கையே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான லீவர்களில் அதை உள்ளே இழுக்க ஒரு சிறு திருகாணி இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ், 1949-ல் தொடங்கிய நம் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து கொடுத்த வண்டி. அதில் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லி. பந்தய வண்டிகள் 23 மில்லிக்கு ஒல்லியாகி, இப்போது பந்தயக்காரர்களே 28, 30 என்று அகலத்துக்குத் திரும்பிவிட்டார்கள். கரடுமுரடான சாலையில் அகல டயர் குறைந்த காற்றில் நன்றாக உருளும். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் கிடக்கும் இரும்புத் தகடும் மழைநீர் வடிகால் கம்பி இடுக்கும் ஒல்லி டயரைப் பிடித்துக்கொள்ளும். என் எடைக்கு 65 பி.எஸ்.ஐ. போதும். ரோடு பைக் டியூபில் இருக்கும் பிரெஸ்டா வால்வுக்குப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் எப்போதும் இருக்க வேண்டும். எங்கள் தெரு பஞ்சர் கடைக்காரர் முதல் முறை அந்த வால்வைப் பார்த்து, "என்னம்மா இது, ஊசி மாதிரி இருக்கு?" என்று பம்பைக் கீழே வைத்துவிட்டார். இப்போது அவரே ஒரு அடாப்டர் வாங்கி வைத்திருக்கிறார். முன்விளக்கு, பின்விளக்கு, ஹெல்மெட் மூன்றையும் பட்டியலில் மேலே சேர்த்தேன். நாலேமுக்கால் மணி இருட்டில் லாரிக்காரருக்கு நாம் தெரிய வேண்டும்.

மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்தும் 200 கிலோமீட்டர் பயணத்தை ஒரு நாள் முடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பதின்மூன்றரை மணி நேரம் கொடுப்பார்கள், யார் உதவியும் இல்லாமல் முடிக்க வேண்டும். நான் முடித்த அன்று ஒன்பது பாட்டில் குடித்தேன். அவளாலும் முடியும்.

வியாழக்கிழமை இரவு அவள் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தாள். 10.2. கண் கலங்கியிருந்தது. டாக்டர் மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். "அதுவரைக்கும் வண்டி வாங்க வேண்டாமா அக்கா?" என்று கேட்டாள். என் பழைய சைக்கிளின் சீட்டை அவள் உயரத்துக்கு ஏற்றி, லீவர் திருகாணியை இரண்டு சுற்று உள்ளே தள்ளிக் கொடுத்தேன். இந்த ஞாயிறு சிவன் பார்க்கைச் சுற்றி மெதுவாக ஐந்து ரவுண்டு. கத்திப்பாரா பக்கம் இப்போதைக்குப் போகவில்லை.