கிணற்றடியையும் படம் பிடியுங்கள்



மருதனார்மடச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே சென்றிருக்கிறீர்களா? தெல்லிப்பழையைத் தாண்டினால், புதிய வீடுகளுக்கு இடையே இன்றும் கூரையில்லாத வீடுகள் தென்படும். கதவும் நிலையும் பெயர்க்கப்பட்ட சுவர்களைப் பிளந்து ஆலங்கன்றுகள் வளர்ந்திருக்கும். அப்பால் பற்றைவெளியும் பனைகளும்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 யூனில் இடம்பெயர்ந்தார்கள். உயர் பாதுகாப்பு வலயமான அந்த மண் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் மக்களிடம் வந்தது. சில காணிகள் இன்னும் விடுபடவில்லை.

சமூகவியல் படித்த எனக்கு, பாழடைந்த வீடுகளைக் கமராவில் எடுக்கும் பழக்கம் உண்டு. ஒருநாள், நலன்புரி நிலையத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்த ஓர் அம்மாவுடன் அவரது காணிக்குப் போனேன். மாலை வெயில் சுவரில் விழும் அழகைப் பார்த்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன்.

"பிள்ளை, இடிஞ்ச சுவரை எடுத்து என்ன செய்யப் போறாய்? கிணத்தடியை எடு" என்றார் அவர்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "வீட்டைத் திரும்பக் கட்டலாம். கிணத்துப் பங்கும் போற பாதையும் போனால் ஆர் தருவினம்?"

அந்த வளவு அவருக்குச் சீதனமாக வந்தது. எங்கள் தேசவழமையில் வளவும் வீடும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே எழுதப்படும். உறுதியில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் சேர்ந்திருக்கும். ஆனால் வேலியும் கதியாலும் அழிந்த இடத்தில், எழுத்தில் உள்ள பாதையை நிலத்தில் காட்டுவது எப்படி?

பற்றையை விலக்கினோம். கிணற்றுக்கட்டும், துலாக்கால் நின்ற இடமும், பாதையோரம் பதித்த சுண்ணாம்புக் கற்களும் வெளிப்பட்டன. அவற்றை எடுத்தேன். சில மாதங்களில் பக்கத்துக் காணிக்காரர் கம்பிவேலி போட்டபோது பாதை உள்ளே அகப்பட்டுவிட்டது. அம்மா உறுதியையும் படங்களையும் கொண்டுபோய்க் காட்டினார். அவரும் கற்களைத் தேடிப் பார்த்து, வேலியைத் தள்ளிப் போட்டார். சண்டையில்லாமல் முடிந்தது. எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை.

சகோதரிகளே, விடுபட்ட காணிக்குப் போனால் கைத்தொலைபேசியிலாவது படம் எடுங்கள். முதலில் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். பாழ்கிணற்றருகே பிள்ளைகளை விடாதீர்கள். நான்கு மூலைகள், கிணறு, பாதை, எல்லை மரங்கள் ஆகியவற்றை எடுத்து, அச்சிட்டு, பின்புறம் திகதி எழுதி உறுதியோடு வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். படம் உறுதிக்கு ஈடாகாது. ஆனால் உறுதி சொல்லும் இடத்தை அது காட்டும்.

அந்த மாலைச் சுவர்ப் படங்கள் இன்னும் என்னிடம் உள்ளன. அம்மா தன் வீட்டில் வைத்திருப்பது கிணற்றடிப் படத்தை மட்டுமே.