யார் கையில் எங்கள் உடல்நலம்?

"உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையில்" என்று சுகாதாரப் பிரச்சாரம் நமக்கு ஓயாமல் சொல்கிறது. வெறும் கையோடு மலக்குழிக்குள் மனிதரை இறக்கும் நாட்டில்தான் இந்த வாசகம் ஓடுகிறது.

இந்த நம்பிக்கையை அளக்க உளவியலில் கேள்வித்தாளே இருக்கிறது. வாழ்க்கையைத் தீர்மானிப்பது தன் செயலா, வெளிச்சக்தியா என்று மக்கள் நினைப்பதை அளக்க 1966இல் அமெரிக்கர் ஜூலியன் ராட்டர் ஓர் அளவுகோல் தந்தார். 1978இல் வால்ஸ்டன் குழுவினர் உடல்நலத்துக்கென்று 18 கேள்விகளைத் தொகுத்தார்கள். தான், தற்செயல், அதிகாரம் உள்ள பிறர் என மூன்று பிரிவுகள்.

அந்தத் தாளை ஒரு ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரிடம் நீட்டுங்கள். குழியில் இறங்கச் சொல்வது காண்ட்ராக்டர். மறுத்தால் நாளை வேலை இல்லை. "என் உடல்நலம் என் கையில் இல்லை" என்றுதானே அவர் பதில் சொல்வார்? உடனே "விதியை நம்புகிறவர், தன்னம்பிக்கை குறைவு, கவுன்சிலிங் கொடுங்கள்" என்று முத்திரை குத்துவது எளிது. நிர்வாகம் தப்பித்துக்கொள்ளும்.

நாங்கள் கேட்கிறோம்: இது மனக்குறையா, நிலவரமா?

விதியும் அதிகாரமும் ஒன்றல்ல, தனித்தனியே அளக்க வேண்டும் என்று 1970களிலேயே ஹன்னா லெவன்சன் என்ற உளவியலாளர் வாதிட்டார். விதியோடு சண்டை போட முடியாது. காண்ட்ராக்டரோடு போடலாம். தன் உயிர் யார் பிடியில் என்று தெரிந்து சொல்பவர் விதியை நம்புகிறவர் அல்ல; சாதியைச் சரியாகப் படித்தவர்.

புகையிலையை விடுவது அவரவர் கையில்தானே என்பார்கள். சரி, புகையிலையை விட்டால் விஷவாயு விட்டுவிடுமா?

பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அவர் உயிர் அவர் கையில்தான் இருந்தது என்றால் அந்தப் பணத்தை மற்றவர்கள் ஏன் கட்ட வேண்டும்?

அளக்கத்தான் வேண்டுமா? கேள்வியை மாற்றுங்கள். ஆபத்தான வேலையை மறுக்க முடியுமா? காய்ச்சல் வந்தால் கூலியோடு விடுப்பு உண்டா? இயந்திரம் வாங்கினீர்களா? இந்தத் தாளை முதலில் அதிகாரிகளும் காண்ட்ராக்டர்களும் நிரப்பட்டும். மதிப்பெண்ணை நாங்கள் போடுகிறோம்.