ஊராட்சி அலுவலகம் வரை வந்த ஃபைபர்: பயிர்க் காப்பீட்டு வரிசை குறையுமா?

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15தான் கடைசி நாள். அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் டெல்டா கிராமங்களின் இ-சேவை மையங்களைப் பார்த்தால் தெரியும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகலோடு வாசல்வரை வரிசை நிற்கும். உள்ளே கம்ப்யூட்டர் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் தேதி நீட்டிப்பு வந்திருக்கிறது. அதை நம்பி இருக்க முடியாது. பதிவாகாமல் திரும்பியவரின் வயல் மூழ்கினால் இழப்பீடு கேட்க வழியே இல்லை.

நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு, பி.எம். கிசான் சரிபார்ப்பு, உழவன் செயலியில் மானியப் பதிவு என்று எல்லாமே இணையத்துக்குப் போய்விட்டன. ஊருக்கு வரும் லைன் மட்டும் பல இடங்களில் இன்னும் செல்போன் டவரையே நம்பி நிற்கிறது. ஒரு டவரின் வேகத்தைச் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. வாய்க்கால் தண்ணீர் மாதிரிதான், கடைமடைக்கு வரும்போது மிச்சம் இருப்பதுதான் நமக்கு. அதிலும் ஆவணங்களை ஸ்கேன் செய்து மேலே அனுப்பும் வேகம்தான் முதலில் படுக்கும். கண்ணாடி இழையில் ஒளியாகப் போகும் ஃபைபர் இணைப்பில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

இதற்காகத்தான் 2011 அக்டோபரில் மத்திய அரசு தேசிய ஃபைபர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இன்றைய பாரத்நெட் அதுதான். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் தலா 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் இணைப்பு தருவது இலக்கு. வேலையைச் செய்வது மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம்.

ஆனால் ஃபைபர் ஊராட்சி அலுவலகம் வரை வருவது பாதிக் கிணறுதான். நமக்கு வேலை நடக்கும் இடம் கூட்டுறவுக் கடன் சங்கமும் இ-சேவை மையமும். அலுவலகத்தின் பூட்டிய அறையில் பெட்டி மின்னிக்கொண்டிருந்தால் விவசாயிக்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லை. அங்கிருந்து சங்கத்துக்கு ஒரு கம்பி இழுப்பதே முதல் வேலை என்பது நம் கருத்து. வீட்டு இணைப்பு அப்புறம் வரட்டும்.

இன்னொரு சிக்கல் பராமரிப்பு. இங்கே கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்ததை டெல்டாக்காரர்கள் மறக்கவில்லை. காப்பீட்டுப் பதிவும் புயலும் வருவது ஒரே மாதத்தில்! மண்ணுக்குள் போனாலும் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் ஜேசிபி விடுவதில்லை. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு ஒப்புதல் தந்த, சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான திருத்திய பாரத்நெட் திட்டத்தில் இதற்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது. கேபிளை வளையமாக இணைத்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக இணைப்பு வரும். பத்தாண்டு பராமரிப்பும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. கடைசி நாளில் அரசின் சர்வரே திணறினால் ஊரில் ஃபைபர் இருந்தும் வரிசை நகராது. ஃபைபர் பெட்டிக்கு மின்சாரமும் வேண்டும். கரண்ட் போனால் தாங்க பேட்டரி இல்லாவிட்டால் மழை நாளில் பழைய கதைதான்.

அடுத்த கிராம சபையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் ஊராட்சிக்கு ஃபைபர் வந்து, இன்று வேலை செய்கிறதா? கூட்டுறவுச் சங்கத்துக்கு இணைப்பு எப்போது? அறுந்தால் யாருக்குச் சொல்வது? பதிலைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

இந்தப் பருவப் பதிவுக்கு ஃபைபரை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். விதைப்பு முடிந்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, அக்டோபர் கடைசிக்குள் பதிந்துவிடுங்கள். ரசீதில் சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள்.