சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு சொல்லத் தெரிஞ்ச நமக்கு…

இது சில பேருக்குக் கசக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆகணும்.

நம்ம அன்னதானக் கூடத்துல ஓர் அக்கா. வெள்ளிக்கிழமையானா விடியற்காலையிலேயே வந்து காய் நறுக்க உட்கார்ந்திடுவாங்க. கடைசி அண்டாவைக் கழுவிக் கவுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. பல வருஷமா இதே கதைதான். ஒருநாள் வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் "இன்னைக்குச் சாம்பார்ல உப்பு ஜாஸ்தி"ன்னு போட்டார். அதுக்குக் கீழே வரிசையா ஆமாம் சாமிதான். அத்தனை வருஷமும் சாப்பாடு நல்லா இருந்ததே, அதை ஒருத்தர்கூட எழுதினதில்ல. நானும்தான்.

அக்கா இப்போ வர்றதில்ல. போன் போட்டேன். "முட்டி வலி தம்பி"ன்னாங்க. முட்டி வலி போன வருஷமும் இருந்துச்சே!

திருவிழா மேடையில டத்தோவுக்குப் பொன்னாடை, நன்கொடை கொடுத்தவருக்கு மாலை. வேண்டாம்னு சொல்லல. ஆனா அண்டா கழுவுன கைக்கு ஒரு வார்த்தை கூடவா இல்ல?

கேட்டா, "தொண்டு செய்றவங்க பாராட்டை எதிர்பார்க்கக் கூடாது"ன்னு தத்துவம் பேசுறோம். எதிர்பார்க்கக் கூடாதுங்கிறது செய்றவங்களுக்கான தர்மம். சாப்பிட்டு எழுந்து போற நமக்கு அது சாக்கு இல்ல.

"மனசுல நன்றி இருக்கே, அது போதாதா?" போதாது. பெரிய புராணம் என்ன சொல்லுது? திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்துல அடியார்கள் கூடியிருக்காங்க. சுந்தரர் அவங்களை மனசுக்குள்ள போற்றிக்கிட்டே, ஒதுங்கி சந்நிதிக்குப் போனார். விறன்மிண்ட நாயனார் பொறுக்கல. சுந்தரரும் புறம்பு, அவரை ஆண்ட சிவனும் புறம்புன்னுட்டார்! அப்புறம் பிறந்ததுதான் திருத்தொண்டத் தொகை. அடியார்களைப் பேர் பேரா, வாய் திறந்து போற்றின பதிகம். அதுல குயவரும் உண்டு, மீனவரும் உண்டு, அடியார்களுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவரும் உண்டு. தமிழ்நாட்டுக்கு அப்பால் இருக்கிறவங்களையும், பின்னால வரப்போறவங்களையும் சேர்த்தே சுந்தரர் வணங்கினார். அந்தக் கணக்குல கடல் கடந்து வந்து இங்கே கோயில் கட்டின நம்ம தாத்தா பாட்டியும் வருவாங்க. நம்ம அக்காவும் வருவாங்க.

பாராட்டுன்னா ஜால்ரா இல்ல. கட்டைவிரல் படம் அனுப்புறதும் இல்ல. கண்ணால பார்த்ததைச் சொல்லணும். "ரசம் எங்க அம்மா கைப்பக்குவம் மாதிரியே இருந்துச்சுக்கா." "மழையில நின்னு வண்டிகளை ஒழுங்குபடுத்துனியே தம்பி, பார்த்தேன்." அவ்வளவுதான். காசு பணம் செலவில்ல. குறை இருந்தா அதையும் சொல்லுங்க, நேர்ல, தனியா.

வர்ற வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவினதும் நேரா செருப்பு மாட்டப் போயிடாதீங்க. ஒரு நிமிஷம் சமையல்கட்டை எட்டிப் பாருங்க. நான் அதுக்கு முன்னாடி அக்கா வீட்டுக்குப் போறேன். இத்தனை வருஷம் சொல்லாம விட்டதைச் சொல்லணும். கூட வர்றவங்க வாங்க.

திருச்சிற்றம்பலம் 🙏